மின்திட்டங்களும் மக்கள் நம்பிக்கையும்: ஒரு விமர்சன நோக்கு

1

மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் ஊர் இலங்கையில் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கின் புகையிற் படித்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கின்றது. அத்தலைமுறைக்கு மின்சாரத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும், மின்சாரத்தை ஆக்குவதற்கான அணையோ அனல்மின் நிலையமோ காற்றாலையோ ஓர் ஊரில் அமையவிருக்கின்றது என்ற செய்தி எட்டியதும் அவ்வூரவர் ஐயுறுவதையும், பல வேளைகளில் வீதிக்கு வந்து எதிர்ப்பதையும் காண்கின்றோம். பயனை விரும்புவோர் அப்பயனுக்கான வழியை எதிர்ப்பது முரண்பாடு போலத் தோன்றும். இம்முரண்பாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் வழக்கிலுள்ளன. முதலாவது, திட்டமிடுவோரும் பொறியியலாளர் பலரும் கூறும் விடை: மக்கள் அறியாமையினாலோ தந்நலத்தினாலோ எதிர்க்கின்றனர், அல்லது அரசியல்வாதிகளாலும் மதத் தலைவர்களாலும் தூண்டப்படுகின்றனர் என்பது. இரண்டாவது, போராட்டங்களை ஆதரிப்போர் பலர் கூறும் விடை: மக்கள் மண்ணோடு ஒன்றியவர்கள், அவர்கள் எதிர்ப்பதெல்லாம் சரியே என்பது. முதலாவது மக்களை இகழ்கின்றது. இரண்டாவது மக்களை வழிபடுகின்றது. இரண்டுமே அவர்களைச் சிந்தித்துத் தீர்ப்புக் கூறும் மனிதராகக் கொள்வதில்லை என்பதில் ஒன்றுபடுகின்றன.

நமது கருத்து வேறு. மின்திட்டத்துக்கெதிரான மக்கள் மனப்பாங்கு பெரும்பாலும் மின்சாரத்தைப் பற்றிய தீர்ப்பன்று. தம்மை ஆளுவோரைப் பற்றியும், முடிவுகள் எடுக்கப்படும் முறையைப் பற்றியும் வரலாற்று அனுபவத்தின் வழி அவர்கள் அடைந்த தீர்ப்பாகும். இக்கருத்தை இலங்கையின் சில மின்திட்டங்களைக் கொண்டு ஆராய்வது இங்கு நோக்கமாகும்.

2

'மின்சாரம் வேண்டும், ஆனால் எம் வளவுக்குள் வேண்டாம்' என்ற மனநிலையே எதிர்ப்புக்குக் காரணம் என்ற விளக்கம் மேலைநாடுகளில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. ஒல்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் வோல்சிங்க் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இவ்விளக்கத்தை ஒரு புனைவு என்றே குறிப்பிட்டார். காற்றுவலுவைப் பொதுவில் ஆதரித்துக்கொண்டே தம்மூரில் மட்டும் எதிர்ப்போர் மிகச் சிலரே என்பதும், திட்டமிடும் நிறுவனங்கள் நடந்துகொள்ளும் விதமே பல இடங்களில் எதிர்ப்பைத் தோற்றுவிக்கின்றது என்பதும் அவரது வாதத்தின் சாரம்.

இதற்குப் பின்னணியாக அமைந்தது நடைமுறை நீதி பற்றிய சமூக உளவியல் ஆய்வு. திபோ, வோக்கர் ஆகிய இருவரும் 1975இல் வெளியிட்ட நூலும், லிண்ட், டைலர் ஆகியோர் 1988இல் வெளியிட்ட நூலும் இத்துறையின் அடிப்படை நூல்களாகக் கொள்ளப்படுகின்றன. தமக்குப் பாதகமான முடிவைக்கூட, அது எட்டப்பட்ட முறை நேர்மையானது என்று கண்டால் மக்கள் ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்பது இவ்வாய்வுகளால் நிறுவப்பட்ட பொது முடிபு. ஒரு திட்டத்தின் தொழினுட்ப விவரங்களைச் சாதாரண மனிதர் தாமே சோதித்தறிய முடியாது. எனவே, அவ்விவரங்களைச் சொல்பவர் தம்மிடம் எவ்வாறு நடந்துகொண்டார், முன்பு சொன்ன சொல்லைக் காத்தாரா என்பவற்றையே அவர் அளவுகோலாகக் கொள்கின்றார். இது அறியாமையன்று. பிணியாளர் வைத்தியரைத் தெரிவதும், வணிகர் கடன் கொடுப்பதும் இவ்வளவுகோலைக் கொண்டே.

ஆயினும் இவ்வாய்வுகளை அப்படியே எடுத்துப் பொருத்துவது போதாது. அவை பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றின் நிலையான அரசுகளை மனங்கொண்டு எழுந்தவை. ஆங்கு அரசின்மீதான நம்பிக்கை சில வேளை குறையும். சில வேளை கூடும். போரையும் இடப்பெயர்வையும் காணி பறிபோனதையும் கண்ட சமூகங்களில், நம்பிக்கையின்மை ஒரு மனநிலை மட்டுமன்று. அது ஆவணங்களோடு கூடிய வரலாறு. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

3

இலங்கையின் நீர்மின் கனவுக்கு வித்திட்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918இலேயே இந்நாட்டின் நீர்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றி அவர் ஆய்வுரை சமர்ப்பித்தார். குடியேற்ற ஆட்சியின் தயக்கங்களைக் கடந்து லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. தேசிய வளர்ச்சியின் வரலாற்றில் இது பெருமைக்குரிய அத்தியாயமே, இதில் ஐயமில்லை.

ஆனால், அந்த நீர்மின்சாரம் பிறந்த மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில், லயன் அறைகளிற் பல தசாப்தங்களாக மின்விளக்கு எரியவில்லை. மவுசாக்கலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரை மூழ்கடித்தது. வறட்சியில் நீர் வற்றும்போது அந்நகரின் பழைய வழிபாட்டிடங்கள் இன்றும் வெளித்தெரிகின்றன. தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கொடியது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மக்களிடம், அவர்கள் வாழும் பள்ளத்தாக்கை என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டிய கடப்பாடு எந்த அரசுக்கும் இருக்கவில்லை. வாக்கில்லாதவனின் ஊர் திட்ட வரைபடத்தில் வெற்றிடமாகவே தெரியும். தலவாக்கலையில் 2012இல் நிறைவுற்ற 150 மெகாவாற் மேல்கொத்மலைத் திட்டத்துக்கு மலையகத்தில் எழுந்த எதிர்ப்பை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். சென் கிளயர் நீர்வீழ்ச்சியின் அழகைக் காக்கும் கோரிக்கை மட்டுமே கொழும்பின் ஆங்கில இதழ்களில் உரத்து ஒலித்தது. மலையக மக்களின் வீடும் வேலையும் பற்றிய அச்சம் அதைவிடப் பழையது.

1970களின் பிற்பகுதியில் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம் விக்டோரியா, கொத்மலை போன்ற பேரணைகளை 1980களில் எழுப்பியது. இவ்வணைகளால் இடம்பெயர்ந்தோரிற் பெரும்பான்மையினர் கண்டிப் பகுதியின் சிங்கள விவசாயிகள் என்பதை மறத்தலாகாது. அவர்களும் தெல்தெனிய போன்ற பழைய நகர்களையும் தம் வயல்களையும் நீருக்குக் கொடுத்தனர். மறுபுறம், மின்சாரத்தையும் பாசனத்தையும் குடியேற்றத்தோடு பிணைத்த இத்திட்டம், கிழக்கிலும் வடக்கின் எல்லையிலும் இன விகிதாசாரம் மாற்றப்படுகின்றது என்ற அச்சத்தைத் தமிழரிடையே ஆழ வேரூன்றச் செய்தது. ஒரே அணை ஓரிடத்தில் வர்க்க அநீதியாகவும் மற்றோரிடத்தில் இன அநீதியாகவும் அனுபவிக்கப்பட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்காத ஆய்வு குறையுடையதாகும்.

4

சம்பூர், இந்நாட்டில் மின்திட்டமும் காணியும் போரும் ஒன்றோடொன்று பின்னிய இடம். 2006இன் போர் நிகழ்வுகளால் மூதூர் கிழக்கின் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். அவ்வாண்டு டிசெம்பரில், திருகோணமலையில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் ஒன்றை அமைப்பதற்கு இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் உடன்பட்டன. 2007 மே மாதம் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. மின்நிலையத்துக்குரிய இடமாகத் தெரிவானது சம்பூர். மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே அவர்களிற் பெரும்பகுதியினர் மீளத் தொடங்கினர்.

இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், சம்பூர் மக்களிடம் நிலக்கரியின் சாம்பலைப் பற்றியோ கடல்நீரின் வெப்பத்தைப் பற்றியோ அபிப்பிராயம் கேட்கும் வாய்ப்பே எழவில்லை என்பதாகும். ஊரில் ஆளில்லாதபோது ஊரின் எதிர்காலம் முடிவு செய்யப்பட்டது. அபிப்பிராயம் கூறுவதற்கு முதலில் அபிப்பிராயம் கூறுபவர் அவ்விடத்தில் இருத்தல் வேண்டும். நடைமுறை நீதியின் இலக்கணங்களைப் பட்டியலிடும் மேலை நூல்கள், இந்த அடிப்படை நிபந்தனையைத் தனியே எழுத வேண்டிய தேவையை உணர்ந்ததில்லை.

2016 செப்டெம்பரில், நிலக்கரி மின்நிலையம் அமைக்கப்படமாட்டாது என அரசு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. சூழலியலாளரின் வழக்கும், இந்திய - இலங்கை உறவின் கணக்குகளும், மக்களின் இடைவிடாத போராட்டமும் இம்முடிவுக்குப் பங்களித்தன. பின்னர் அதே சம்பூரில் ஞாயிற்றுவலுத் திட்டம் முன்வைக்கப்பட்டது. 120 மெகாவாற் கொள்ளளவுடைய அத்திட்டத்தை 2025 ஏப்ரலில் இரு நாட்டுத் தலைவர்களும் ஆரம்பித்து வைத்தனர். நிலக்கரி போய்ச் சூரியன் வந்தது. காற்றுக்கும் கடலுக்கும் இது நன்மையே. எனினும், எரிபொருள் மாறியபோது முறையும் மாறியதா என்ற வினா எஞ்சி நிற்கின்றது. காணி உறுதிகள் பற்றியும் மேய்ச்சல் நிலம் பற்றியும் ஊரவர் எழுப்பும் வினாக்களுக்குச் சூரியத் தகடு தானாகவே விடை தந்துவிடாது.

5

சுன்னாகத்தின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருவது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆறில்லை. சுண்ணக்கற் பாறையினடியில் தேங்கும் மழைநீரே அதன் உயிர். அப்பாறை வெடிப்புகளும் குகைகளும் நிறைந்தது. மேலே சிந்தியது கீழே விரைந்து பரவும். அத்தகைய நிலத்தின்மீது டீசல் மின்நிலையங்கள் இயங்கின. போர்க்காலத்திலும் அதன் பின்னும் தேசிய மின்வலையோடு இணையாதிருந்த குடாநாட்டுக்கு அவை தவிர்க்கமுடியாத தேவையாகவே இருந்தன. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தையும் அதன் சூழலையும் சேர்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். வீதிகளில் நீர்த்தாங்கிகள் வைக்கப்பட்டன. வீட்டுக் கிணறு இருக்க, வாளியோடு வரிசையில் நிற்கும் நிலை வந்தது.

இதையடுத்து நிகழ்ந்ததே நமது ஆய்வுக்கு முக்கியமானது. ஒரே நிலத்தடி நீரைப் பற்றி வெவ்வேறு அரச அமைப்புகளும் நிபுணர் குழுக்களும் ஒன்றோடொன்று முரண்பட்ட அறிக்கைகளை வெளியிட்டன. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனை எண்ணெய் மாசைக் காட்டியது. மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ அபாயகரமான மாசு இல்லையென்று கூறியது. வைத்தியரும் பொது அமைப்புகளும் இம்முடிவைக் கேள்விக்குட்படுத்தினர். மாகாண சபை தமிழ் மக்கள் தாமே தெரிந்தெடுத்தது என்பதைக் கருதும்போது ஓர் உண்மை தெளிவாகும்: நம்பிக்கையின்மை 'கொழும்பு' என்ற தொலைவிலிருந்து மட்டும் வருவதன்று. அதிகாரம் தமிழ் பேசினாலும், கேள்வியைக் கேட்பவனை அது எதிரியாகப் பார்க்குமாயின் நம்பிக்கை அற்றுப்போகும்.

இறுதியில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாசு ஏற்பட்டதை ஏற்று, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற தத்துவத்தின் அடிப்படையில், மின்நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. இலங்கைச் சூழற் சட்ட வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க தீர்ப்பு. வழக்கைத் தாக்கல் செய்தவர் தென்னிலங்கையைச் சேர்ந்த சூழற் செயற்பாட்டாளர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அறிவியல் தானே வாய்திறந்து பேசுவதில்லை. அதை யார் அளந்தார், யாருக்காக அளந்தார், அளந்ததை யாரிடம் முதலிற் சொன்னார் என்பனவும் அதன் நம்பகத்தின் கூறுகளே.

6

இனி மன்னார். மன்னார்த் தீவு தாழ்ந்தது, தட்டையானது, மணலும் உப்பங்கழியும் பனையும் சார்ந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அங்கு வலுவாகவும் ஒழுங்காகவும் வீசுவதால் காற்றுவலுவுக்கு நாட்டின் மிகச் சிறந்த இடங்களுள் ஒன்றாக அது கருதப்படுகின்றது. மத்திய ஆசியப் பறக்கும் பாதையில் இடம்பெயரும் பறவைகளுக்கும் அது தங்குமிடம். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட 'தம்பபவனி' என்னும் 100 மெகாவாற் அளவான திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் அமைந்து 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அது மின்சார சபைக்கே சொந்தமான பொதுத்துறைத் திட்டம்.

அடுத்து வந்தது இந்தியாவின் அதானி நிறுவனத்தின் திட்டம்: மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாற். இது போட்டிக் கேள்விப்பத்திரம் இன்றி முன்னெடுக்கப்பட்டது. 2022 ஜூனில் மின்சார சபையின் தலைவர் நாடாளுமன்றத்தின் கோப் குழு முன்னிலையில் இத்திட்டம் தொடர்பான மேலிடத்து அழுத்தம் பற்றிக் கூறி, பின்னர் அக்கூற்றை மீளப்பெற்றுப் பதவியையும் துறந்தார். அதே மாதத்தில் மின்சாரச் சட்டம் திருத்தப்பட்டு, போட்டியற்ற முறையிற் பெருந்திட்டங்களை வழங்குவதற்கு வழி திறக்கப்பட்டது. 2024 மே மாதம் ஓரலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலைக்கு 20 ஆண்டு கொள்வனவுக்கு அமைச்சரவை அனுமதி அளித்தது. அதே மன்னாரில் போட்டி முறையில் வந்த 50 மெகாவாற் திட்டத்துக்கு 5 சதத்திலும் குறைந்த விலை கிடைத்தது. உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. ஆட்சி மாறியபின் விலை மீளாய்வுக்கு உட்பட, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது.

இவ்விலகலோடு மன்னாரின் எதிர்ப்பு ஓயவில்லை. 2025 ஆகஸ்டில், வேறு திட்டங்களுக்கான காற்றாலைப் பாகங்கள் தீவினுள் வந்தபோது மக்கள் வீதியில் அமர்ந்தனர். அரசு பணிகளை ஒரு மாத காலம் இடைநிறுத்தியது. செப்டெம்பர் இறுதியில் பொலிஸ் துணையோடு பாகங்கள் கொண்டுசெல்லப்பட்டபோது மோதல் மூண்டது. மன்னாரிற் கடையடைப்பு நடைபெற்றது. இம்முறை எதிரே நின்றது வெளிநாட்டுப் பெருநிறுவனமும் அன்று, பழைய ஆட்சியும் அன்று. இடதுசாரி மரபில் வந்தோம் எனக் கூறும் அரசு. திட்டங்களும் போட்டி முறையில் வந்தவையே. அப்படியிருந்தும் எதிர்ப்பு ஏன்?

விடை, நாம் மேலே கண்ட வரலாற்றிலேயே உள்ளது. கேள்விப்பத்திரம் நேர்மையாக இருந்தால் நுகர்வோருக்கு நீதி கிடைக்கலாம். நாட்டின் கருவூலத்துக்கு நீதி கிடைக்கலாம். ஆனால் அது தீவில் வாழும் கடற்றொழிலாளனுக்கும் தீவுக்கும் இடையிலான நீதியன்று. தாழ்ந்த நிலத்தில் உயர்த்திப் போடப்பட்ட பாதைகள் மழைநீர் வழிந்தோடுவதைத் தடுக்கின்றன என்பது அவர் முறைப்பாடு. கரைவலைப்பாடுகளுக்கு என்ன நேரும் என்பது அவர் கேள்வி. கனிம மணல் அகழ்வுக்காகவும் அதே தீவு குறிவைக்கப்படுவதைக் காணும் அவர், காற்றாலையை மணலகழ்வின் முன்னோடியாக ஐயுறுகின்றார். இவ்வையம் ஒவ்வொன்றும் சரியானதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் விடை வேண்டி நிற்பது. விடை தர வேண்டியவரோ பாகங்களை ஏற்றிய வாகனத்தோடுதான் முதன்முதலாக வந்து சேர்ந்தார்.

7

தமிழில் 'முறை' என்றொரு சொல்லுண்டு. செய்யும் விதம் முறை, வரிசைப்படி வரும் தவணை முறை, உறவு முறை, நீதியும் முறையே. மன்னன் நீதி வழங்குவதை முறை செய்தல் என்றே நம் பழைய நூல்கள் வழங்கின. மேலை ஆய்வாளர் நடைமுறை நீதி, பகிர்வு நீதி என இரண்டாகப் பிரித்து மீண்டும் இணைக்க முயல்வதை இச்சொல் ஒன்றாகவே பிடித்து வைத்திருக்கின்றது.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பல, பல குடும்பங்களுக்குப் பங்குடையவை. இன்னாருக்கு இன்ன நாள் என்று இறைப்பு முறை உண்டு. காணியை விற்கும்போது கிணற்றுப் பங்கும் உறுதியில் எழுதப்படும். மட்டக்களப்பு வயல்வெளிகளில் நீர்ப் பங்கீட்டையும் வேலியடைப்பையும் கண்காணிக்க விவசாயிகள் வட்டவிதானையைத் தெரிந்தனர். காலபோகத் தொடக்கத்தில் கூடிப் பேசியே விதைப்பு நாளைத் தீர்மானித்தனர். இம்மரபுகளை நாம் இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. கிணற்றுப் பங்கில் சாதியின் கொடுமை இருந்தது. நீருக்காக ஒடுக்கப்பட்டோர் கையேந்தி நின்ற வரலாறு நாம் அறிந்ததே. வயற் கூட்டத்தில் குத்தகைக்காரனின் குரல் போடியாரின் குரலுக்குச் சமமானதன்று. எனினும், பொதுவளத்தைப் பயன்படுத்துவதற்கு முன் பங்காளர் கூடிப் பேசவேண்டும் என்ற எண்ணம் இம்மக்களுக்குப் புதிதன்று என்பதை அவை காட்டுகின்றன. தம் கிணற்றுக்குக் கேட்கும் முறையையே அவர்கள் காற்றுக்கும் கேட்கின்றனர்.

இதற்கு மாறாக, இன்று மக்கள் பங்குபற்றல் எனப்படுவது யாது? 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டதன் வழி, பெருந்திட்டங்களுக்குச் சூழற் பாதிப்பு மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. அறிக்கையைப் பார்வையிட்டு 30 நாட்களுள் பொதுமக்கள் கருத்துக் கூறலாம். இது போராடிப் பெற்ற உரிமை. இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால், பல நூறு பக்கங்கள் கொண்ட தொழினுட்ப அறிக்கையைக் கடலுக்குப் போய்வரும் ஒருவர் 30 நாட்களில் வாசித்து, எழுத்திற் பதில் அனுப்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எத்தகையது? ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்குபற்றலை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வருணித்தார். அறிவித்தல், கருத்துக் கேட்டல், சமாதானப்படுத்தல் ஆகிய நடுப்படிகளை அவர் பெயரளவிலான பங்குபற்றல் என்றார். முடிவெடுப்பிற் பங்கு கிடைக்கும் மேற்படிகளே மெய்யானவை. நம் சட்டம் அந்த நடுப்படிகளில் நின்றுவிட்டது.

நமது திட்ட அறிக்கைகளின் மொழியும் இவ்வுண்மையைக் காட்டிக்கொடுக்கின்றது. அவற்றின் தமிழ் வடிவங்களில் மக்கள் இரு பெயர்களாலேயே சுட்டப்படுகின்றனர்: ஒன்று 'பயனாளிகள்', மற்றொன்று 'பாதிக்கப்பட்டோர்'. ஒருவருக்குக் கொடுக்கப்படுகின்றது, மற்றவரிடமிருந்து எடுக்கப்படுகின்றது. இரண்டிலும் செய்வோர் வேறெவரோ. மக்கள் எழுவாயாக அமையும் வாக்கியம் ஒன்று அவ்வறிக்கைகளில் அரிது. வாக்கியத்தில் இடமில்லாதவர் வீதியில் இடந்தேடுவது வியப்பன்று.

8

இவ்வளவும் கூறியபின், எதிர்ப்பு இயக்கங்களையும் விமர்சன நோக்கோடு அணுகுதல் கடனாகும். அவ்வாறு செய்யாதவிடத்து நமது வாதம் இரண்டாவது விடையின் வழிபாட்டு மனநிலையாகச் சுருங்கிவிடும்.

முதலாவது, எதிர்ப்பு மேடைகளில் ஒலிக்கும் எல்லாக் கூற்றுகளும் உண்மையல்ல. காற்றாலை மழையை விரட்டிவிடும் என்பது போன்ற கூற்றுகளுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. நியாயமான கோரிக்கையோடு பொய்யான அச்சத்தைக் கலப்பது அக்கோரிக்கையையே பலவீனப்படுத்தும். இரண்டாவது, தாமதத்துக்கும் விலையுண்டு. அவ்விலையை வறியவரே செலுத்துகின்றனர். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் மீனவரதும் தலவில திருத்தலம் சார்ந்த கத்தோலிக்கரதும் எதிர்ப்பினிடையே நெடுங்காலம் இழுபட்டு, 2011இல் முதற்கட்டமும் 2014இல் 900 மெகாவாற் முழுமையும் நிறைவுற்றது. இடைப்பட்ட காலத்தில் நாடு விலையுயர்ந்த எண்ணெயை எரித்தது. 2022இல் எரிபொருளுக்கு அந்நியச் செலாவணி இன்றி நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியபோது, மின்பிறப்பாக்கி வாங்கக்கூடியவர் இருளில் இருக்கவில்லை. காற்றும் வெயிலும் நம்முடையவை. நிலக்கரியும் எண்ணெயும் நம்முடையவை அல்ல. ஆகவே காற்றாலையே வேண்டாம் என்ற நிலைப்பாட்டை முற்போக்கானதெனக் கொள்ள இயலாது.

மூன்றாவது, முற்போக்குச் சிந்தனை மரபு தொடர்பானது. 1920இல் சோவியத் ரஷ்யா 'கோயெல்ரோ' எனும் மின்மயமாக்கல் திட்டத்தைத் தீட்டிய காலம் முதல், மின்சாரம் இடதுசாரிகளுக்கு விடுதலையின் சின்னமாக இருந்து வந்தது. அதில் ஒரு பேருண்மை உண்டு. தண்ணீர் இறைத்து, மாவிடித்து, விறகு சுமந்து தேய்ந்த பெண்களின் உழைப்பை மின்சாரமே குறைத்தது. ஆனால் அப்பழைய சூத்திரத்தில் மின்சாரம் மட்டும் நிற்கவில்லை. மக்களின் அதிகாரமும் அதனோடு இணைந்து நின்றது. பின்வந்தோர் பலர் முற்பகுதியை மறந்து பிற்பகுதியை மட்டும் காத்தனர். உற்பத்தி சக்தி வளர்ந்தால் உறவுகள் தாமே சீராகும் என்ற இயந்திரப் பாங்கான நம்பிக்கையே 2025இல் மன்னார் வீதியிற் பொலிஸாரோடு வந்து நின்றது எனலாம்.

9

அவ்வாறாயின் வழி யாது? அயல்நாட்டு அனுபவங்களில் டென்மார்க் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். கொப்பன்ஹேகன் நகருக்கு அப்பால் கடலில் அமைந்த மிடில்குருண்டன் காற்றாலைத் திட்டத்தின் சரிபாதி, 8,000இற்கும் மேற்பட்ட உறுப்பினர் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துக்கு உரித்தாயிருந்தது. 2009 முதல் ஒரு தசாப்த காலம், புதிய காற்றாலைகளின் பங்குகளில் 20 வீதத்தை அயலில் வாழ்வோருக்கு விற்பனைக்கு வைக்க வேண்டும் என்ற சட்டமும் அங்கு நடைமுறையிலிருந்தது. ஆனால் இம்மாதிரியை அப்படியே பெயர்த்து நடமுடியாது. பங்கு வாங்கச் சேமிப்பு வேண்டும். கடனில் வள்ளம் வாங்கிய கடற்றொழிலாளனிடம் காற்றாலைப் பங்கை விலைக்கு நீட்டினால் அதை வாங்குபவர் முதலாளியாகவே இருப்பார். அநீதி, உள்ளூர் முகத்தோடு திரும்பி வரும்.

நமக்கு நமது கூட்டுறவு மரபு உண்டு. மூளாயில் மக்கள் கூட்டுறவாக மருத்துவமனையையே நடத்திக் காட்டினர். வடக்கின் கரையோரமெங்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. 1990கள் முதல் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைக்கிராமங்களில் சிங்கள விவசாயிகள் மின் நுகர்வோர் சங்கங்களை அமைத்துச் சிற்றோடைகளிலிருந்து தாமே மின்சாரம் ஆக்கினர். கால்வாய் வெட்டியவரும், கட்டணம் நிர்ணயித்தவரும், பழுது பார்த்தவரும் அவர்களே. அங்கு 'மக்கள் எதிர்ப்பு' என்ற பிரச்சினையே எழவில்லை. பின்னர் தேசிய மின்வலை வந்தபோது அவற்றுட் பல கைவிடப்பட்டன. அச்சங்களின் அனுபவத்தைப் பெருந்திட்டங்களுக்குப் பாடமாகக் கொள்ள எவரும் முயலவில்லை என்பது வருந்தத்தக்கது.

ஆகவே, மூன்று நிபந்தனைகளை இங்கு முன்வைக்கலாம். இடம் தெரிவு செய்யப்படுவதற்கு முன்னரே, தெரிந்த பின்னரன்று, ஊரவரோடு அவர்தம் மொழியிற் பேச்சு நிகழ்தல் வேண்டும். 'வேண்டாம்' அல்லது 'இங்கன்று, அங்கு' என்ற விடைக்கும் அப்பேச்சில் இடம் இருத்தல் வேண்டும். காற்றுக்கும் கரைக்கும் ஆன வாடகையாக, விற்கும் ஒவ்வோர் அலகிலும் ஒரு பங்கு ஊரின் கூட்டுறவுக்கு உரிமையாகக் கிடைத்தல் வேண்டும். நன்கொடையாக வரும் பள்ளிக்கூடச் சுவரும் விளையாட்டுச் சீருடையும் உரிமைக்கு ஈடாகா. நீரையும் மண்ணையும் பறவையையும் அளக்கும் பொறுப்பு, திட்டத்தின் உரிமையாளரிடமிருந்து விடுபட்ட அமைப்பிடம் இருத்தல் வேண்டும். அளந்தவை உடனுக்குடன் ஊரில் ஒட்டப்படுதல் வேண்டும். இதிற் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும் பணியுண்டு. சுன்னாகத்துக் கிணற்றைப் பற்றிய ஐயம் எழுந்தபோது மக்கள் முதலில் தேடியது தாம் நம்பக்கூடிய ஓர் ஆய்வுகூடத்தையே.

இவை மின்திட்டங்களைத் தாமதப்படுத்தும் என்பர். மன்னாரில் நிகழ்ந்த தாமதத்தை எண்ணிப் பார்ப்போருக்கு இவ்வாதத்தின் வலுவின்மை புலனாகும். கேட்காமற் செய்ததனால் ஏற்பட்ட தாமதம் கேட்டுச் செய்வதால் ஏற்படக்கூடிய தாமதத்தினும் பெரிது. 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தின் 70 வீதத்தை மீளப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவது என்பது அரசு பிரகடனப்படுத்திய இலக்கு. அதற்கு வேண்டிய காற்றும் வெயிலும் பெருமளவில் வடக்கிலும் கிழக்கிலும், புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் உள்ளன. அதாவது, அபிவிருத்தியால் மிகுதியும் ஏமாற்றப்பட்டோர் வாழும் கரைகளில் உள்ளன. அம்மக்களின் நம்பிக்கையைத் திட்டச் செலவின் ஒரு சிறு தலைப்பாகக் கருதுவோர் இலக்கை அடையப்போவதில்லை. முறை தவறிய இடத்தில் மின்கம்பம் நடலாம். அதைக் காக்க ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு பொலிஸ்காரரையும் நட வேண்டியிருக்கும்.